சாமி கும்பிடப் போன இடத்தில் ஒரு கதவைப் பார்த்தோம்



பங்குனி உத்திரம் முடிந்த கையோடு நம்ம தொண்டர் குழுவிலிருந்து பதினோரு பேர் இமாசலப் பிரதேசத்துக்கு யாத்திரை போய் வந்தோம். படங்களைப் புலனக் குழுவில் போட்டதிலிருந்து "எப்படிப் போனீங்க, எங்கெங்க பார்த்தீங்க, வயசானவங்க போகலாமா" என்று கேள்வி மேல் கேள்வி. எல்லாவற்றையும் ஒரே பதிவில் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பசியாறிட்டு நிதானமா உட்கார்ந்து படிங்க. கடைசியில் நம்ம கோயில் சம்பந்தமான ஒரு விஷயமும் இருக்கு. அதற்காகத்தான் இந்தப் பதிவே. தயவுசெய்து பாதியில் நிறுத்திடாதீங்க.

போன இடம் காங்ரா பள்ளத்தாக்கும் சம்பாவும். கோலாலம்பூரிலிருந்து டில்லி, அங்கிருந்து இரவு ரயிலில் பட்டான்கோட், அப்புறம் வேன். முதலில் போட்ட திட்டத்தில் கோயில்கள் மட்டும்தான் இருந்தன: வஜ்ரேஸ்வரி, ஜுவாலாமுகி, சாமுண்டா, பைஜ்நாத். குழுவில் இருக்கிற தம்பி ஒருவர்தான், "அவ்வளவு தூரம் போறோம், கோட்டையும் அருங்காட்சியகமும் சேர்த்துக்குவோம்" என்றார்.

எங்களோடு வந்தவர்களில் மூத்தவர் பெரியம்மா. எழுபத்து நாலு வயசு. நம்ம கோயில் அன்னதான அடுப்படியில் அவங்க கை படாத சட்டியே கிடையாது. அவங்க ஒரேயடியாக மறுத்துட்டாங்க. "சாமி கும்பிட வர்றோம். செத்துப் போன ராஜா சாமானைப் பார்க்கவா இவ்வளவு காசு கட்டினோம்?" உண்மையைச் சொன்னால் எங்களில் பாதிப் பேருக்கு அதே எண்ணம்தான். வாய் திறந்து சொன்னது அவங்க மட்டும். கடைசியில், கால் வலித்தால் வேனிலேயே இருந்துக்கலாம் என்ற பேச்சில் சம்மதித்தாங்க.

முதல் நாள் காங்ரா நகரத்தில் வஜ்ரேஸ்வரி அம்மன் தரிசனம். சக்தி பீடங்களில் ஒன்று. அங்கே அம்பாள் பிண்டி வடிவில் இருக்கிறாள். மகர சங்கராந்தி, அதாவது நம்ம பொங்கல் நாள், வந்தால் அந்தப் பிண்டி முழுக்க வெண்ணெய் சாத்துவாங்களாம். மகிஷாசுரனோடு போர் செய்தபோது அம்மனுக்குக் காயம் பட்டது, தேவர்கள் வெண்ணெய் தடவி ஆற்றினார்கள் என்பது ஐதீகம். குளிர்ந்த தண்ணீரில் பல முறை கழுவிய வெண்ணெயைச் சாத்தி, ஒரு வாரம் கழித்து எடுத்துப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். தோல் நோய்க்கு நல்லது என்று வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அம்மனுக்கு வலிக்கும் என்று நினைத்து மருந்து போடுகிற ஊர். பெரியம்மாவுக்குக் கண் கலங்கிடுச்சு.

இந்தக் கோயில் இன்று புதிதாகத் தெரியும். காரணம் உண்டு. 1905 ஏப்ரல் 4ஆம் தேதி விடியற்காலையில் காங்ராவைப் பெரிய பூகம்பம் தாக்கியது. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் இறந்தார்கள். பழைய கோயில் இடிந்து விழுந்தது. இப்போது நாம் கும்பிடுவது அதற்குப் பிறகு எழுப்பியது.

அன்று மத்தியானம் காங்ரா கோட்டை. பாணகங்கை, மாஞ்சி என்ற இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில், உயரமான பாறை முதுகு மேல் நீளமாகக் கிடக்கிறது. பின்னால் தௌலாதார் மலைத்தொடர், உச்சியில் பனி. கட்டோச் ராஜவம்சத்தின் கோட்டை. இதைப் பிடிக்க ஆசைப்படாத ஆளே இல்லை என்று சொல்லலாம். 1009இல் கஜினி முகமது கொள்ளையடித்தான். 1620இல் ஜஹாங்கீரின் படை பிடித்தது. 1786இல் ராஜா சன்சார் சந்த் மறுபடியும் தன் குடும்பத்துக்கு மீட்டார். காங்ரா ஓவியங்கள் என்று புகழ் பெற்றவை அவர் ஆதரவில் செழித்தவைதான். பிறகு கூர்க்காப் படை வந்து வருஷக்கணக்காக முற்றுகை போட, அவர் மகாராஜா ரஞ்சித் சிங்கிடம் உதவி கேட்டார். கூர்க்காக்கள் போனார்கள். ஆனால் 1809இல் கோட்டையும் ரஞ்சித் சிங் கைக்குப் போய்விட்டது. 1846இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். இத்தனை பேர் சண்டை போட்டும் நின்ற கோட்டையை அந்த 1905 பூகம்பம் ஒரே காலையில் உடைத்துப் போட்டது.

உள்ளே போக ஒன்றன்பின் ஒன்றாகப் பல வாசல்கள். ரஞ்சித் சிங் வாசல், இரும்பு வாசல், ஜஹாங்கீர் வாசல், வெளிச்சம் குறைந்த அந்தேரி வாசல். யார் யார் ஆண்டார்களோ அவரவர் பெயர் ஒவ்வொரு வாசலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசியில் தர்சனி வாசல், இரண்டு பக்கமும் கங்கை, யமுனை சிற்பங்கள். அதைத் தாண்டினால் கோயில் முற்றம். லட்சுமி நாராயணர் கோயிலில் செதுக்கு வேலை நிறைந்த பின்சுவர் நிற்கிறது. முன்பக்கம் இல்லை. பக்கத்திலேயே கட்டோச் குலதெய்வம் அம்பிகா தேவி. அங்கே இன்றைக்கும் பூஜை நடக்கிறது. ஆதிநாதருக்கு ஒரு சமணக் கோயிலும் உண்டு.

வேனிலேயே இருக்கிறேன் என்ற பெரியம்மா அம்பிகா தேவி பெயரைக் கேட்டதும் மெதுவாக ஏறி வந்துட்டாங்க. இடிந்த கோயிலுக்கு எதிரே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாங்க. "ஒடஞ்ச கல்லையும் அடுக்கி வச்சிருக்காங்களே" என்று மட்டும் சொன்னாங்க. நாங்க அதைப் பெரிசா எடுத்துக்கலை.

கோட்டைக்கு வெளியே மகாராஜா சன்சார் சந்த் அருங்காட்சியகம். ராஜ குடும்பத்தாரே நடத்துவது. அவர்கள் புழங்கிய பொருள்கள், ஓவியங்கள், ஆயுதங்கள். கோட்டை பார்த்த களைப்பில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விடாதீங்க. வெறும் கல்லாகப் பார்த்த கோட்டைக்குள் மனுஷங்க நடமாடினாங்க என்பது அங்கேதான் உறைக்கும்.

அடுத்த நாள் ஜுவாலாமுகி. கருவறையில் விக்கிரகம் கிடையாது. பாறை இடுக்கிலிருந்து வரும் எரிவாயுவில் எரியும் நீல நிறச் சுடர்தான் அம்பாள். பொன்கூரை போட்டது ரஞ்சித் சிங், வெள்ளிக் கதவு கொடுத்தது அவர் மகன் கரக் சிங். அங்கிருந்து மஸ்ரூர் போனோம். எட்டாம் நூற்றாண்டில் ஒரே மணற்கல் பாறையைக் குடைந்து செதுக்கிய கோயில் கூட்டம், எதிரே குளம். அதே நூற்றாண்டில்தான் தெற்கே கழுகுமலையில் வெட்டுவான் கோயிலையும் ஒரே பாறையில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டுமே முழுசா முடியாமல் நின்ற வேலை. இத்தனை தூரத்தில் இருந்த இரண்டு சிற்பிக் கூட்டங்களுக்கும் ஒரே மாதிரி யோசனை வந்திருக்கே என்று பேசிக்கொண்டோம்.

பைஜ்நாத்தை நம்மவங்க யாரும் விட்டுடாதீங்க. அங்கே ஈசன் பெயர் வைத்தியநாதர். நம்ம வைத்தீஸ்வரன் கோயில் சாமியேதான், இமயமலை அடிவாரத்தில். 1204இல் மன்யுகன், ஆகுகன் என்ற இரண்டு வணிகச் சகோதரர்கள் கட்டியதாக அங்கே உள்ள கல்வெட்டு சொல்கிறது. எண்ணூறு வருஷம் கழித்து, மலேசியாவிலிருந்து போன நாம் அந்த இருவர் பெயரைச் சொல்கிறோம். ஏனென்றால் யாரோ எழுதி வைத்தார்கள், அதற்குப் பின் வந்தவர்கள் யாரும் அந்தக் கல்லைப் பெயர்த்துப் போடவில்லை. ராவணன் சிவபக்தன் என்பதால் அந்த ஊரில் தசராவுக்கு ராவணன் பொம்மை எரிப்பதில்லை என்பதும் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி. காங்ரா பக்கத்து விசேஷங்களில் 'தாம்' என்று ஒரு பந்தி போடுகிறார்கள். தரையில் வரிசையாக உட்கார வைத்து, இலைத் தட்டில் சோறு, தயிரில் வேக வைத்த கொண்டைக்கடலை, பருப்பு, புளிப்புக் குழம்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றுவார்கள். வெங்காய வாசனையே இல்லை. பெரியம்மா இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாங்க.

அப்புறம் சம்பா. போகிற வழியில் நூர்பூர் கோட்டை. அதன் உள்ளே இருக்கும் கோயிலில் கண்ணனுக்குப் பக்கத்தில் ராதை இல்லை, மீரா இருக்கிறாள். பக்தையைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்ட சாமி.

சம்பாவில் நாங்க செய்த தப்பையும் சொல்லணும். திங்கட்கிழமையாகப் பார்த்துப் போய்விட்டோம். அங்கே அரசு அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. "பார்த்தீங்களா, சாமிக்கே இஷ்டமில்லை" என்றாங்க பெரியம்மா. அன்றைக்கு லட்சுமி நாராயணர் கோயில் வளாகத்தில் தரிசனம் செய்தோம். ஊருக்குத் தண்ணீர் வருவதற்காக உயிரைக் கொடுத்த ராணி சுனயனாவின் கதையைக் கேட்டோம். அவளைச் சூயி மாதா என்று கும்பிடுகிறார்கள். பங்குனி, சித்திரை வாக்கில் பெண்களும் பிள்ளைகளும் அவளுக்குத் திருவிழா எடுக்கிறார்கள். செவ்வாய் காலையில் பூரி சிங் அருங்காட்சியகத்துக்குப் போனோம்.

1908இல் திறந்தது. சம்பா ராஜா பூரி சிங் தன் குடும்பத்து ஓவியங்களைக் கொடுத்து ஆரம்பித்து வைத்தார். உள்ளே கோயில்களுக்கு நிலம் எழுதிக் கொடுத்த செப்பேடுகள். சம்பா ருமால் என்னும் கைவேலைத் துணிகள். மெல்லிய பருத்தித் துணியில் பட்டு நூலால் ராசலீலையும் கல்யாணக் காட்சிகளும் தைத்திருக்கிறார்கள். முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் ஒரே மாதிரி, ஒரு முடிச்சுகூடத் தெரியாது. அந்தக் காலத்து நீரூற்றுக் கற்களும் இருக்கின்றன. ஊற்று வாயில் செதுக்கிய கல் நிறுத்தி, இறந்துபோன அப்பா அம்மாவுக்குப் புண்ணியம் சேரட்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம்ம கோயில் தூணில் 'உபயம்' என்று எழுதுகிறோமே, அதே மனசு.

ரங் மஹால் அரண்மனையிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த சுவரோவியங்களும் கதவுகளும் அங்கேதான் இருக்கின்றன. பெரியம்மா ஒரு மரக் கதவுக்கு முன்னால் நின்னுட்டாங்க. நாங்க ஓவியங்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் நிற்கிறாங்க. கால் வலிக்குதா என்று கேட்டோம்.

"நம்ம கதவு இதவிட நல்லா இருக்கும்" என்றாங்க.

எங்களில் நாலு பேருக்கு உடனே புரிந்தது. மற்றவர்களுக்குப் புரியவில்லை. புரியாதவர்களுக்காக இங்கே சொல்கிறோம்.

நம்ம கோயில் தோட்டத்தில் இருந்த காலத்தில் கருவறைக்கு ஒரு மரக் கதவு இருந்தது. பால்மரம் வெட்டும் ஜனங்கள் சம்பளத்தில் காசு சேர்த்துச் செய்தது. இரண்டு பக்கமும் மயில், மேலே ஒரு கஜலட்சுமி. செய்தவர் தோட்டத்திலேயே இருந்த ஒரு தச்சர். அதைத் தோளில் தூக்கி வந்தவர்களில் பெரியம்மாவின் அப்பாவும் ஒருவர். கோயில் இப்போதைய இடத்துக்கு மாறியபோது அந்தக் கதவும் கூடவே வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் திருப்பணி நடந்தபோது புதுக் கதவு உபயமாகக் கிடைத்தது. பழையது கொட்டகை ஓரம் சாய்ந்து கிடந்தது. ஒரு பக்கம் கரையான். குடமுழுக்குக்கு முந்தின நாள் இடத்தைச் சுத்தம் செய்யணும், அன்னதானத்துக்கு விறகு பத்தவில்லை. யாரும் உத்தரவு போடவில்லை. நாங்கதான், இதே தொண்டர் குழு, அதை உடைத்து அடுப்படிக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். நல்ல வேலை செய்த நினைப்பு வேற.

அந்தக் கதவு என்ன ஆச்சு என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அருங்காட்சியகத்து வாசலில் உட்கார்ந்து பெரியம்மா சொன்னது இது: "அன்னைக்கு அடுப்புல எரிஞ்சது என்னன்னு எனக்குத் தெரியும்டா. ஒரு துண்டுல மயிலு கழுத்து இருந்துச்சு. சோறு கொதிச்சிட்டிருக்கு, ஆயிரம் பேரு வரப் போறாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல. நான்தான் தள்ளி விட்டேன் உள்ள."

பன்னிரண்டு வருஷம் இதை மனசில் வைத்துக்கொண்டு, அதை உடைத்த எங்களுக்கே தினம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருக்காங்க. எங்களில் ஒருத்தராலும் பேச முடியவில்லை. மன்னிப்புக் கேட்டோம். "எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? நானும்தானே எரிச்சேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துட்டாங்க. திரும்பி வரும்போது வேனில் பாட்டு போடவில்லை.

இப்போது நம்ம கோயில் விஷயம். அடுத்த திருப்பணி ஆவணியில் தொடங்குகிறது. அதற்கு முன்னால், ஆனி முடிவதற்குள், பின்பக்கத்து ஸ்டோர் ரூமை இடிக்கப் போகிறார்கள். ஊருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே நாங்க அதைத் திறந்து பார்த்தோம். உள்ளே இருப்பவை: தோட்டக் காலத்துக் காவடி இரண்டு, விரிசல் விட்ட வெண்கல மணி, வர்ணம் போன மர மயில் வாகனம், கண்ணாடி உடைந்த சாமி படங்கள், இரண்டு பெட்டி நிறையப் பழைய ரசீதுப் புத்தகங்கள். ஐம்பது காசு, ஒரு வெள்ளி என்று கொடுத்தவர்கள் பெயர் அதில் இருக்கிறது. பலர் கையெழுத்துப் போடாமல் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் தாத்தா பாட்டி பெயரும் இருக்கலாம்.

நிர்வாகத்திடம் பேசினோம். தலைவர் மறுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இடம் எங்கே, யார் பார்த்துக்கொள்வது, கரையான் மற்ற இடத்துக்குப் பரவினால் என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்விகள்தான். எங்களிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்: மண்டபத்து மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறை போதும். கரையான் மருந்துக்கும் கண்ணாடி அலமாரிக்கும் ஆகும் செலவைத் தொண்டர் குழுவே ஏற்றுக்கொள்ளும். பின்னமான விக்கிரகம் ஏதாவது இருந்தால் குருக்கள் சொல்கிறபடிதான் செய்வோம், நாங்களாகத் தொட மாட்டோம். மூன்றாவது ஞாயிறு பூஜைக்குப் பிறகு கூட்டத்தில் இது பேச்சுக்கு வருகிறது. வந்து உங்கள் கருத்தைச் சொல்லுங்க. வேண்டாம் என்று நினைத்தாலும் வந்து சொல்லுங்க.

உங்களிடம் கேட்பது மூன்று விஷயம்.

ஒன்று, வீட்டில் பழைய கோயில் படம், கல்யாணப் படம், திருவிழாப் படம் இருந்தால் கொண்டு வாங்க. அங்கேயே கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஏதாவது ஒன்றில் பின்னணியில் அந்தக் கதவு தெரிந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. இதுவரை ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை.

இரண்டு, படத்துக்குப் பின்னால் யார் யார் என்று பென்சிலில் எழுதுங்க. பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிடுங்க.

மூன்று, அந்தத் தச்சர் பெயர் யாருக்காவது தெரியுமா? பெரியம்மாவுக்கு அவரை 'ஆசாரி மாமா' என்றுதான் தெரியும்.

கடைசியாக, போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

🔸 திங்கட்கிழமை அருங்காட்சியகம் வைக்காதீங்க. எங்களைப் பார்த்துத் திருந்துங்க.
🔸 தொல்லியல் துறை இடங்களில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். நாம் மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பதால் அதைத்தான் கட்டணும். வாதாட வேண்டாம்.
🔸 காங்ரா கோட்டையில் ஏற்றம் அதிகம். காலையிலேயே போங்க, தண்ணீர் எடுத்துக்குங்க. முட்டி வலி உள்ளவர்கள் கைத்தடி கொண்டு போங்க.
🔸 சம்பா பாதை வளைவு மேல் வளைவு. இஞ்சி மிட்டாயும் பிளாஸ்டிக் பையும் கையில் இருக்கட்டும்.
🔸 ஏப்ரலிலும் காலையில் குளிரும். கோயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாது, காலுறை அவசியம்.
🔸 சைத்ர நவராத்திரி நாட்களில் அம்மன் கோயில்களில் கூட்டம் தாங்காது. வயசானவர்களோடு போனால் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

பெரியம்மா இப்போது ஒவ்வொரு செவ்வாயும் ஸ்டோர் ரூமுக்கு வந்து, ரசீதுப் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வெயிலில் காய வைக்கிறாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிப் பிள்ளைகள் யாராவது வந்து பெயர்களை வாசித்துச் சொன்னால், யார் வீட்டுக்காரர் என்று அவங்க சொல்லிடுவாங்க. சாயந்திரம் நாலு மணிக்கு மேல் அனுப்பி வைங்க. மைலோவும் பிஸ்கட்டும் உண்டு.

அன்புடன்,
தொண்டர் குழு 🙏